அப்பாவின் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம்

வாலாஜாபேட்டை,
1922 அக்டோபர், ஞாயிறு இரவு.

பிரியமுள்ள ஆபேல் அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். மற்றதெல்லாம் எழுதுவதற்கு முன்னால் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அறையில் தங்கியிருக்கும் பஞ்சாபிக்காரருக்கும் காட்ட வேண்டாம், கம்பெனி துரைக்கும் காட்ட வேண்டாம். ஐசக் சித்தப்பாவுக்கு நீங்கள் எழுதும் பதிலில் இதைப் பற்றி ஒரு சொல்கூட வரக்கூடாது. படித்து மனதில் வைத்துக்கொண்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். தெரிந்தால் சித்தப்பா எங்களை அடிக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். அவர் அழுவார். அவர் அழுதால் அம்மா அவர் சொன்னதையெல்லாம் செய்துவிடுவாள். அடியைவிட எனக்கு அதுதான் பயம்.

கர்த்தருடைய கிருபையால் அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிலடெல்பியாவில் குளிர் தொடங்கியிருக்கும் என்று அம்மா சொல்கிறாள், நீங்கள் சுகமாக இருக்கும்படி இரவும் பகலும் ஜெபிக்கிறோம். எப்போதும் போல அம்மா சொல்ல நான் எழுதும் கடிதம்தான் இதுவும். ஆனால் மற்றக் கடிதங்களைப் போல அம்மா உரக்கச் சொல்ல முடியாது. என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து காதுக்குள் பேசுகிறாள். ஜன்னலில் அவளுடைய பழைய புடவையைக் கட்டி விளக்கு வெளிச்சம் தெருவுக்குப் போகாமல் மறைத்திருக்கிறோம். அம்மா சொன்னதை அம்மா சொன்ன மாதிரியே எழுதுகிறேன், நடுவில் எனக்குத் தெரிந்ததையும் சேர்க்கிறேன். சேர்க்கச் சொன்னதும் அம்மாதான்.

மேலே வாலாஜாபேட்டை என்று இருப்பதைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். ஆம்பூரில் இல்லை நாங்கள். எல்லாம் உங்கள் ஆடி மாதக் கடிதத்தில் தொடங்கியது. சித்தப்பாவுக்கு நீங்கள் எழுதியதையும், அதோடு வைத்து அனுப்பியிருந்த வக்கீல் துரையின் இங்கிலீஷ் கடிதத்தையும் நான்தான் படித்துக் காட்டினேன். எங்களுக்கு விளங்கியது இவ்வளவு. அமெரிக்காவில் பிரஜையாவதற்கு மனுப் போடுகிறவர்களுக்காக ஒரு கிறிஸ்தவக் கோவிலை ஒட்டிய வீட்டில் சாயங்காலங்களில் அந்த வக்கீல் உட்கார்ந்து இலவசமாக உதவி செய்கிறார், இத்தாலிக்காரரும் போலந்துக்காரரும் வரிசையில் நிற்க நீங்களும் நின்றிருக்கிறீர்கள். அந்த ஊர்ச் சட்டத்தில் வெள்ளை மனிதருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் மட்டும்தான் பிரஜை உரிமை. இந்தியரில் உயர்ந்த ஜாதியில் பிறந்தவனுக்கு ஆரிய ரத்தம் இருப்பதால் அவனையும் வெள்ளையனாகக் கணக்கில் எடுக்கலாம் என்று சில நீதிபதிகள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆகவே நம் குடும்பம் உயர்ந்த ஜாதி என்று தாயார் மாஜிஸ்ட்ரேட் முன்னால் சத்தியம் செய்து கொடுத்த பத்திரம் வேண்டும், சென்னையிலிருந்து ஒரு துரை நேரில் வந்து நம் வீட்டைப் பார்த்துச் சாட்சிக் கடிதமும் எழுத வேண்டும். உங்கள் வார்த்தையை அப்படியே எழுதுகிறேன் அண்ணா, “சித்தப்பா எப்படியாவது இதை ஏற்பாடு செய்ய வேண்டும், பிரஜையாகிவிட்டால் அம்மாவையும் புஷ்பத்தையும் இங்கே அழைத்துக்கொள்வேன்” என்று என் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தீர்கள்.

அதைப் படித்தபோது அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, “ஆப்பிரிக்கா ஜனங்க கறுப்புதானே? அவங்களுக்கு உண்டுன்னா எம்புள்ளைக்கு ஏன் இல்ல?” என்றாள். சித்தப்பா, “அது சட்டம் அண்ணி, சட்டத்தைப் போய் ஏன் எதுக்குன்னு கேக்க முடியுமா” என்றார். அம்மா விடவில்லை. “வெள்ளையா இருந்தாலும் சரி, நல்லா கறுப்பா இருந்தாலும் சரி, நடுவுல இருக்கிறவன் மட்டும் பொய் சொல்லணுமா?” என்று கேட்டாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். சித்தப்பாவும்தான் சிரித்தார்.

அதற்கப்புறம் சிரிப்பு இல்லை. ஆம்பூர் சேரியில் நம் வீட்டை எந்தத் துரை வந்து பார்த்தாலும், கேட்க வேண்டியதே இல்லை, தோல் நாற்றம் அடிக்கும் காற்றே சொல்லிவிடும். அதனால் சித்தப்பா நம்மை யாரும் அறியாத வாலாஜாபேட்டையில், முதலியார்கள் இருக்கும் தெருவில், ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். நாங்கள் கிறிஸ்தவ முதலியார்கள், சொந்தத்தில் மனஸ்தாபம் வந்து ஊரை விட்டு வந்தவர்கள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் குடிசையில் வேறொரு குடும்பத்தைக் குடிவைத்துவிட்டார், காலியாக இருந்தால் நாங்கள் எங்கே என்று கேட்பார்களாம். எனக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. மிஷன் பள்ளிக்கூடத்துப் பதிவில் என் பெயருக்கு நேரே தகப்பன் தொழில் தோல் கிடங்குக் கூலி என்று இருக்கிறது, யாராவது போய் விசாரித்தால் தெரிந்துவிடும், அதனால் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததே இல்லை என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். டீச்சரம்மா இந்த வருஷம் என்னைப் பரீட்சைக்கு அனுப்பி, பிறகு வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை.

சித்தப்பாமேல் கோபம் கொள்ளாதீர்கள் என்கிறாள் அம்மா. அவர் கெட்டவர் இல்லை. கிடங்கில் மேஸ்திரி வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை ரயிலேறி வந்து எங்களுக்கு அரிசி பருப்பு வாங்கிப் போட்டுவிட்டுப் போகிறார். உங்களுக்குப் பிரஜைப் பத்திரம் கிடைத்தால் தன் மகனையும் நீங்கள் அழைத்துக்கொள்வீர்கள், அவனாவது தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்காமல் பிழைப்பான் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையைப் பார்த்து அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் அவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் வெளியில் பூட்டிக்கொண்டு போகிறார் அண்ணா. காவலுக்கு என்கிறார். பின்பக்கம் கொல்லைக்கதவு திறந்திருக்கிறது, தெருப் பெண்கள் வரும் கிணறு அங்கேதான், அங்கே போய்வரலாம். தெருவுக்கு மட்டும் போக முடியாது. தெருவில் நடந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்களாம், அம்மா பேச்சில் ஆம்பூர் தெரிந்துவிடுமாம்.

அவர் வருகிற இரவுகளில் எங்களுக்குப் பாடம் நடக்கும். சித்தப்பா நாற்காலியில் துரை மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மூக்கால் பேசி, “உன் புருசன் இன்னா தொழில் பண்ணான்?” என்பார். “பயிர் வேலைங்க தொர” என்பாள் அம்மா. “ஐயோ அண்ணி, பயிர் வேலைன்னா கூலிக்காரன்னு ஆயிடும். சொந்த நெலம் இருந்துச்சுன்னு சொல்லு. காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்துல நஞ்சை.” அம்மா, “நான் அந்த ஏரியக் கண்ணால பாத்தது இல்லியே தம்பி. போன வருசம் ஏரி ரொம்புச்சா இல்லியான்னு தொர கேட்டா இன்னா சொல்றது?” “எந்தத் தொர வந்து ஏரியப் பத்திக் கேக்கப் போறான்?” “கேக்க மாட்டான்னா அதை எதுக்கு என்னைச் சொல்லச் சொல்ற?” சித்தப்பா தலையில் அடித்துக்கொள்வார். பிறகு அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பழக்குவார். அம்மா நுனியில் உட்காருவாள். “நல்லா சாஞ்சு ஒக்காரு அண்ணி, முதலியார் ஊட்டு அம்மா யாராவது இப்டி ஓடப்போற மாரி ஒக்காருவாங்களா?” என்பார். “சாஞ்சா எனக்குத் தூக்கம் வருது தம்பி. தொர முன்னால கொறட்டை வுட்டா உனக்குப் பரவால்லியா?” என்பாள் அம்மா. மாட்டுக்கறி என்ற பேச்சே இந்த வீட்டில் கூடாது, மீன்கூட வாசனை வரும் என்று இல்லை. “கத்திரிக்காயும் கீரையும் தின்னுதின்னு என் நாக்கு மரத்துப் போச்சு, இதுக்குத்தான் ஜாதி ஒசந்ததா” என்று அம்மா என்னிடம் மட்டும் சொல்லுவாள்.

இப்படிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த அம்மா, மரியம்மாள் அத்தை இறந்துபோன செய்தி வந்ததிலிருந்து மாறிவிட்டாள். மரியம்மாள் அத்தையை உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும், அம்மாவோடு சேர்ந்து கிடங்குக்குத் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை சுமந்தவர்கள், நீங்கள் கப்பலுக்குப் போனபோது உங்கள் பெட்டியை ஸ்டேஷன் வரைக்கும் தலையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். சித்தப்பா வந்து சொல்லும்போது அடக்கமே முடிந்துவிட்டிருந்தது. முன்னாலேயே சொன்னால் அண்ணி புறப்பட்டு வந்துவிடுவாள் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதால் பக்கத்து வீட்டில் யார் செத்தது, என்ன உறவு என்று கேட்பார்கள் அல்லவா. ஆளே இல்லாத உறவுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டோம், இருந்த உறவுக்கு அழ முடியவில்லை.

பக்கத்து வீட்டம்மாள் பெயர் ரங்கம்மாள். அவர்கள் வீட்டுக்காரர் காசிநாத முதலியார், ஜவுளி வியாபாரம். ரங்கம்மாள் நல்லவர்கள், பொய் சொல்லவே மாட்டேன், மிகவும் நல்லவர்கள். வந்த நாளிலிருந்து குழம்பு கொடுத்தனுப்புவார்கள், என் தலையை அவர்களே பின்னி விடுவார்கள், “புருசன் இல்லாத பொம்பள, தனியா இருக்கிற, எதுன்னா ஒரு கொரல் குடு அக்கா” என்பார்கள். ஒருநாள் கிணற்றடியில் அம்மாவின் கைகளைப் பிடித்துப் பார்த்து, “இன்னாக்கா இது, நகமெல்லாம் பட்டைச் சாயமாட்டம்? மருதாணி போட்டா செவப்பா இல்ல இருக்கும்?” என்று கேட்டார்கள். அம்மா ஏதோ உடம்புக் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தாள். கை கழுவக் கழுவப் போகாத அந்த நிறம் உங்களுக்குத் தெரியும். அவர்கள் அன்பாக இருக்க இருக்க அம்மாவுக்குப் பயம் அதிகமாயிற்று. கோபக்காரியாக இருந்தால் ஒதுங்கி இருக்கலாம், இப்படிப்பட்டவளிடம் எங்கே ஒதுங்குவது என்பாள்.

போன வாரம் நவராத்திரிக்குப் பொம்மை வைத்திருக்கிறோம், வந்து பார்க்க வேண்டும் என்று ரங்கம்மாள் கொல்லைவழியாக வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்கள். மறுத்தால் சந்தேகப்படுவார்களே என்று போனோம். கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள், அம்மா சித்தப்பா சொல்லிக்கொடுத்தபடி சுவரில் சாய்ந்தே உட்கார்ந்தாள். சுண்டல் காரமாக இருந்தது. அம்மா இருமினாள். ரங்கம்மாள் உள்ளே ஓடிப்போய்ப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். அப்போதுதான் அது நடந்தது. அம்மா எழுந்து, கூடத்தைக் கடந்து, வாசற்படி இறங்கி, முற்றத்து மண்ணில் போய் நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வாய்க்கு நேரே ஏந்திக்கொண்டாள். நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் ஏந்திவிட்டாள். அவள் யோசித்துச் செய்ததில்லை அண்ணா, பிறந்ததிலிருந்து ஊர்த்தெருவில் எந்த வீட்டில் தண்ணீர் கேட்டாலும் அப்படித்தானே குடித்திருக்கிறாள், இருமலில் உடம்பு தானாகப் போய் நின்றுவிட்டது. ரங்கம்மாள் சொம்போடு பின்னாலேயே வந்து படியில் நின்றார்கள். அவர்களுடைய கையும் தானாகவே சொம்பை உயரத் தூக்கி, அம்மாவின் கையில் படாமல், சொட்டுத் தெறிக்காமல், வார்த்தது. அம்மா குடித்தாள். குடித்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை.

அதிலிருந்து ரங்கம்மாள் வருவதில்லை. குழம்பு வருவதில்லை. கிணற்றடியில் நாங்கள் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நேற்றுக் காலையில் கிணற்றுச் சுவரெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவியிருந்தது, கயிறும் வாளியும் இல்லை. குடத்தில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டிருக்கிறோம். இன்று மத்தியானம் காசிநாத முதலியார் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, “ஏம்மா பொண்ணு, உங்க ஊர்ல எந்தத் தெரு? யாரு வகையறா நீங்க?” என்று கேட்டார். நான் சித்தப்பா வந்ததும் சொல்லச் சொல்கிறேன் என்றேன். “உங்க சித்தப்பன் வரட்டும், வரட்டும்” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. இந்த வாரம் முன்கூட்டியே வந்தவர் வெள்ளிக்கிழமையே ஆம்பூர் போய்விட்டார், நாளைக் காலை ரயிலில் இரண்டு சாட்சிக்காரர்களோடு வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வண்டி வைத்துக்கொண்டு வருவார், நேரே மாஜிஸ்ட்ரேட் கச்சேரிக்குப் போக வேண்டும், சென்னைத் துரை அதற்குப் பிறகுதான் வருவாராம். ஓடிப்போகலாம் என்றால் முன்கதவு பூட்டியிருக்கிறது, கொல்லைவழியாகப் போனால் ரங்கம்மாள் வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினாலும் எங்கே போவது? ஆம்பூரில் எங்கள் வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நாளைக்குச் சொல்ல வேண்டிய சத்தியப் பத்திரத்தைச் சித்தப்பா யாரிடமோ எழுதி வாங்கி என்னிடம் கொடுத்திருக்கிறார், அம்மாவுக்கு மனப்பாடம் ஆகும்வரை படித்துக் காட்டச் சொன்னார். காலஞ்சென்ற ஆசீர்வாத முதலியாரின் மனைவி தனகோடி அம்மாளாகிய நான், என்று அது தொடங்குகிறது. நான் அந்த முதல் வரியைப் படித்ததும் அம்மா, “யாரு?” என்று கேட்டாள். மறுபடியும் படித்தேன். “அந்த ஆளை எனக்குத் தெரியாதே” என்றாள். அதற்குமேல் படிக்க விடவில்லை. சித்தப்பா எவ்வளவோ சொன்னார், “பேருக்குப் பின்னால ஒரு வார்த்த, அவ்ளோதான் அண்ணி, அண்ணன் இருந்தா அவரே சரின்னு சொல்லியிருப்பாரு, புள்ளைக்காக” என்று சொல்லி அழுதார். அம்மாவும் அழுதுவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். பிறகு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அடுத்து வருவது அம்மாவின் வார்த்தை, நான் கையை மட்டும் கொடுக்கிறேன்.

“நைனா, ஆபேலு. உங்கப்பா சுண்ணாம்புத் தொட்டியில நின்னு நின்னு கால் ரெண்டும் வெந்து வெள்ளையாப் போன மனுசன். ஆட்டுத்தோலுல இருந்து வந்த வெசத்துல கழுத்துல கறுப்புக் கொப்புளம் வந்து, மூணு நாள் பேச்சில்லாம கெடந்து செத்தாரு. அதுக்கு முன்னால உன் கையப் புடிச்சித் தோல் மேல வெச்சி எது நல்ல தோல், எது ஓட்ட வுழுந்த தோல்னு சொல்லிக் குடுத்தாரு, அந்தக் கைக்காகத்தான் அமெரிக்காக்காரன் உன்னைக் கூட்டிகினு போனான். அவரை இப்போ நஞ்சை நெலம் வெச்சிகினு ஊட்ல படுத்துச் செத்த முதலியாருன்னு நான் பைபிள் மேல கை வெச்சி சொன்னேன்னா, நான் கூட வாழ்ந்தவரு யாரு? அவரு இன்னொரு தடவ செத்த மாதிரி இல்லியா? உனக்காக இன்னா வேணா செய்வேன் நைனா. பட்டை செமக்கச் சொல்லு, இந்த வயசுலயும் செமக்கறேன். இது மட்டும் என்னால ஆகல. ஆகலன்னு ஐசக்குகிட்ட சொல்லவும் என்னால ஆகல. அவன் அழுதா எனக்குத் தாங்காது. அதனாலதான் உங்கிட்ட சொல்றேன்.”

இன்னொன்றும் இருக்கிறது, இது அம்மா சொல்லச் சொல்லி நான் எழுதுவது. வக்கீல் துரையின் கடிதத்தில் கடைசியில் இருந்த இரண்டு வாக்கியங்களை நான் படித்தபோது சித்தப்பா, “அதை நீ படிக்கலன்னு வெச்சிக்க” என்றார். நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். மனுவில் சொன்னது பொய் என்று எத்தனை வருஷம் கழித்துத் தெரியவந்தாலும் கொடுத்த பிரஜை உரிமையை நீதிமன்றம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், மனுதாரர்மேல் வழக்கும் போடலாம் என்று ஒரு வாக்கியம். ஒருவன் என்னிடம் எதைச் சொல்கிறானோ அதைக்கொண்டு மட்டுமே நான் அவனுக்கு உதவ முடியும், ஆகையால் என்னிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்று இன்னொரு வாக்கியம். இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா, “அந்த வக்கீலு நல்ல மனுசனா இருக்கான். அவன்கிட்ட ஏன் ஆபேலு பொய் சொன்னான்?” என்று கேட்டாள். பிறகு அவளே, “அங்க தொர ஒருத்தன் நீ ஒசந்தவனான்னு கேட்டா, தலை தானா ஆடிடும். அவனைக் குத்தம் சொல்லாத” என்றாள். முற்றத்தில் போய் நின்று கை ஏந்தினவள் அப்படித்தான் சொல்லுவாள்.

ஆகையால் அண்ணா, அம்மா கேட்பது இதுதான், தெளிவாக எழுதச் சொல்கிறாள். சித்தப்பாவின் உறையில் ஆசீர்வாத முதலியார் என்று எழுதி அம்மாவின் கைரேகை வைத்த பத்திரம் ஒன்று உங்களுக்கு வரக்கூடும். நாளைக்கு அம்மாவுக்குத் தைரியம் இருக்குமா என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தால் அதை வக்கீலிடம் கொடுக்காதீர்கள். அது அம்மாவின் வார்த்தை இல்லை. சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய், வரிசையில் நின்று, அவர் எதிரே உட்கார்ந்து நாம் யார் என்று சொல்லுங்கள். ஆம்பூர், சேரி, தோல் கிடங்கு, எல்லாவற்றையும். சொல்லிவிட்டு, இதை வைத்துக்கொண்டு சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் இல்லை. பிரஜையாகாமல் அங்கே எவ்வளவு நாள் இருக்கலாம், வேலை செய்யலாமா, யாராவது துரத்த முடியுமா என்று அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களை அழைத்துக்கொள்ள முடியாமல் போனால் போகட்டும். “நான் கப்பல் ஏறலன்னு யாரு அழுதா? எனக்குத் திரும்பி ஆம்பூர் போய் மரியம்மா கல்லறைல ஒரு மெழுகுவத்தி வெச்சா போதும்” என்கிறாள். இது என் ஆசைக்கு விரோதம் என்று எழுதத் தோன்றுகிறது, எனக்கு அமெரிக்கா பார்க்க ஆசைதான். ஆனால் யாரோ ஒரு முதலியாருடைய மகளாக அங்கே வந்து இறங்கி, ஆயுள் முழுக்க இந்த வீட்டில் இருப்பதுபோல இருக்க வேண்டுமானால், எனக்கும் வேண்டாம்.

கம்பளிச் சட்டைக்கு உள்ளே பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா, பனியில் நடக்கும்போது கையைப் பையில் வைக்காதீர்கள், வழுக்கினால் ஊன்ற முடியாது. பச்சைத் தோல் பிரிக்கும்போது கழுத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், சிறிய கொப்புளம் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. இதை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன், ஒவ்வொரு கடிதத்திலும் எழுதச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதை விடாதீர்கள். பதில் எழுதும்போது எங்கள் இரண்டு பேர் சுகத்தை மட்டும் விசாரியுங்கள், இந்தக் கடிதம் கிடைத்தது என்று அதில் அம்மா புரிந்துகொள்வாள். ஆம்பூர் கோவில் பாதிரி ஐயர் விலாசத்துக்கு எழுதுங்கள், இங்கே வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளை கச்சேரிக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன், சித்தப்பா வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருக்கும்போது.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கக்கடவர், உன் போக்கையும் வரத்தையும் காக்கக்கடவர், உன் கைக்கு ஒரு காயமும் வராமல் இருக்கட்டும் என்று அம்மா உங்கள் தலையில் கை வைப்பதாக நினைத்து என் தலையில் கை வைத்துச் சொல்கிறாள். உன் தகப்பன் பெயரை உன் வாயால் ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பார் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா தனகோடி.
அவள் சொல்லக் கேட்டு எழுதிய தங்கை ஜெயபுஷ்பம்.

உறையை எடுக்கப் போனேன், மறுபடியும் எழுதுகிறேன். கதவைத் தட்டுகிறார்கள். முன்கதவு. சித்தப்பா என்றால் தட்டமாட்டார், சாவி அவரிடம் இருக்கிறது. தெருவில் நிறையக் காலடி கேட்கிறது. விளக்கை அணைக்கலாமா என்றேன், அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து போகிறாள். மறுபடியும் தட்டுகிறார்கள். காசிநாத முதலியார் குரல், “உள்ள யாரு? யாரு ஊட்டுப் பொம்பள நீ, நெசத்த சொல்லு” என்கிறார். அம்மா கதவில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா பதில் சொல்கிறாள் அண்ணா, எனக்கு இங்கே கேட்கிறது, ஆம்பூர் ஆசீர்வாதம் பொண்டாட்டி என்கிறாள். பின்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. இன்னும் தட்டு